மவுஸ் யார் கையில் இருக்க வேண்டும்?

மும்பையின் செம்பூர், மாதுங்கா, தில்லியின் கரோல் பாக், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் எனத் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறைகளாக வேரூன்றிய பகுதிகளில், பல வீடுகளில் இன்று முதியவர்கள் மட்டுமே இருக்கின்றனர். மத்திய அரசு அலுவலகங்களிலும் தனியார் நிறுவனங்களிலும் எழுத்தராகவும் சுருக்கெழுத்தராகவும் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, ஓய்வு பெற்றவர்கள் அவர்கள். பிள்ளைகள் பெங்களூரிலும் புனேயிலும் குருகிராமிலும், கடல் கடந்தும் பணிபுரிகின்றனர். கூடத்து மேசையில் பிள்ளை விட்டுச்சென்ற மடிக்கணினி ஒன்று இருக்கிறது. பேரக்குழந்தையின் படங்கள், ஓய்வூதியக் கணக்கு, ரயில் முன்பதிவு, மின்கட்டணம், காலையில் கேட்கும் கச்சேரி யாவும் அதற்குள்தான்.

அந்தக் கணினி ஒருநாள் முரண்டு பிடிக்கிறது. “எழுத்தெல்லாம் யானை அளவு பெரிதாகிவிட்டது”, “நேற்று வரை இருந்த படத்தை இன்று காணவில்லை”, “பிரிண்டர் என்ன சொன்னாலும் கேட்கமாட்டேன் என்கிறது” என்று தொலைபேசியில் முறையீடு வருகிறது. அலுவலகக் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே வரும் மகனோ மகளோ, “அப்பா, அந்த எண்ணைப் படியுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கின்றனர். மூன்று நிமிடங்களில் கோளாறு நீங்கிவிடுகிறது. அந்த மூன்று நிமிடங்களைப் பற்றியதே இக்கட்டுரை. வங்கியில் பணிபுரியும் நாம் கணினிப் பொறியாளர்கள் அல்லர். ஆயினும் இந்த உதவி முறையாக நடந்தால் என்ன விளைகிறது, கவனமின்றி நடந்தால் என்ன விளைகிறது என்பதைக் கவுண்ட்டரின் இப்புறம் அமர்ந்து காண்கிறோம்.

எண் எந்தத் திசையில் செல்கிறது?

வெளியூரில் இருந்தபடியே மற்றொரு கணினியின் திரையைக் காணவும் இயக்கவும் உதவும் மென்பொருள்கள் பல உள்ளன. டீம்வியூவர், எனிடெஸ்க் ஆகிய இரண்டும் ஜெர்மனியில் உருவானவை. கூகுள் நிறுவனம் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் என்பதை அளிக்கிறது. விண்டோஸ் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் வழங்கும் குவிக் அசிஸ்ட் உண்டு. பெயர்கள் வேறாயினும் செயல்முறை ஏறத்தாழ ஒன்றே. ஓர் எண் இருவருக்கிடையே பரிமாறப்படுகிறது. கணினியின் முன் அமர்ந்திருப்பவர் இசைவு தெரிவிக்கிறார். அதன்பின் அம்புக்குறி தானாக நகரத் தொடங்குகிறது.

இவற்றுள் ஒரு சிறு வேறுபாட்டைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவற்றில், பெற்றோர் தம் திரையில் தோன்றும் எண்ணைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டுகின்றனர். குவிக் அசிஸ்டில் நிலைமை தலைகீழ். உதவி செய்பவர் தம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பெறும் குறியீட்டைப் பெற்றோருக்குச் சொல்ல, பெற்றோர் அதைத் தட்டச்சு செய்கின்றனர். அக்குறியீடு 10 நிமிடங்களில் காலாவதியாகிவிடும். முதலில் திரையைக் காண மட்டுமே முடியும். இயக்க வேண்டுமெனில் உதவுபவர் தனியே அனுமதி கோர வேண்டும். பெற்றோரைத் தம் திரையிலுள்ள எண்களைப் பிறருக்குப் படித்துக் காட்டப் பழக்காமல் இருப்பது இதன் சிறப்பு. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஓயாமல் கேட்டுக்கொள்ளும் வங்கியாளர்களுக்கு இந்தச் சிறப்பு எத்துணை பெரிதெனத் தெரியும். எனினும் குறியீடு சொல்பவர் யார் என்ற கேள்வி இதிலும் நீங்கிவிடுவதில்லை.

தட்டச்சு தெரிந்தவருக்குக் கற்பிப்பது

மூன்று நிமிடங்களில் முடிந்த உதவியிலிருந்து தந்தை என்ன கற்றுக்கொண்டார்? எழுத்து ஏன் பெரிதாயிற்று என்பதை அவர் அறியவில்லை. அடுத்த மாதம் மீண்டும் அதே அழைப்பு வரும். அவர் உறுதியாகக் கற்றுக்கொண்டது ஒன்றே: எண்ணைப் படிக்க வேண்டும், திரையில் கேட்கும்போது ‘சரி’ என்பதை அழுத்த வேண்டும், பிறகு கைகட்டி அமர்ந்திருக்க வேண்டும். இதனால் நேரும் இடரைப் பின்னர் காண்போம்.

மகன் திரையைக் காணட்டும். மவுஸ் தந்தையின் கையிலேயே இருக்கட்டும் என்பதே நம் கருத்து. இதற்கு மூன்று நிமிடங்கள் போதா. இருபது நிமிடங்களும் சற்றுப் பொறுமையும் வேண்டும். “டேபை மூடிவிட்டு பிரவுசரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்” என்று ஒரே மூச்சில் சொன்னால் மறுமுனையில் மௌனமே பதிலாகும். “அப்பா, திரையின் வலப்பக்கம், மேல் மூலையில் ஒரு பெருக்கல் குறி தெரிகிறதா?” என்று கேட்டால் “தெரிகிறதே” என்ற விடை உடனே வரும். இடம், வடிவம், நிறம் என்ற வரிசையில் சொல்வது நன்று. பொருள்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரையே நாமும் பயன்படுத்தலாம். குரோமை ‘நாலு வர்ண வட்டம்’ என்று அழைக்கும் ஒருவருக்கு அது அவ்வாறே இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்தத் தலைமுறையினருக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணுவது பெரும் பிழை. அவர்களுள் பலர் ரெமிங்டன், கோத்ரெஜ் தட்டச்சுப் பொறிகளில் ஹையர் தேர்வு எழுதித் தேறியவர்கள். திரையைப் பார்க்காமலேயே நம்மைவிட வேகமாகத் தட்டச்சு செய்பவர்கள். கடவுச்சொல் ஏற்கப்படவில்லை என்று அவர்கள் அழைத்தால், “கேப்ஸ் லாக்” என்று சொல்வதைவிட “தட்டச்சுப் பொறியில் ஷிப்ட் லாக் இருக்குமே அப்பா, அதே இடத்தில் இருக்கும் விசை” என்று சொல்லிப் பாருங்கள். மறுகணமே புரிந்துகொள்வர்.

முதியோர் வீட்டுக் கணினிகளில் நேரும் கோளாறுகளின் பட்டியல் நீளமானதன்று. இணையப் பக்கத்தின் எழுத்து பெரிதாவதும் சிறிதாவதும் கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி மவுஸின் உருளையைத் திருப்பிவிடுவதால் நேர்வது. கண்ட்ரோலுடன் சுழியத்தை அழுத்தினால் பழைய அளவு மீளும். பிரிண்டர் இயங்காமைக்குக் காரணம் பலமுறை அது இணைந்திருந்த வைஃபையின் பெயரோ கடவுச்சொல்லோ மாறியிருப்பதே. இத்தகைய நான்கைந்து தீர்வுகளைத் தந்தையே தம் கைப்பட ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ளச் செய்வது நன்று. மகள் தட்டச்சு செய்து அனுப்பும் அழகான அறிவுறுத்தல் தாளைக் காட்டிலும், தம் கையெழுத்தில் உள்ள குறிப்பையே அவர்கள் நம்பிப் புரட்டுவர்.

தொலைவிலிருந்து திரையைக் காணும்போது பிள்ளைகள் செய்து வைக்கத்தக்க பணிகளும் சில உண்டு. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் இயல்பான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. பெற்றோரின் கணினி இன்னமும் அதில்தான் இயங்குகிறதா என்று பாருங்கள். வங்கியின் இணைய முகவரியைத் தேடுபொறியில் தேடும் வழக்கத்தை மாற்றி, புக்மார்க்காகச் சேமித்து வையுங்கள். இந்திய வங்கிகளின் முகவரிகள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிய வேண்டும் என ரிசர்வ் வங்கி 2025-இல் வகுத்துள்ளது. அந்த முடிவைப் பார்த்தே நுழைய வேண்டும் என்பதையும் கற்பிக்கலாம். வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். தேடுபொறியில் அந்த எண்ணைத் தேடப்போய், மோசடிக்காரர்கள் பதிந்து வைத்துள்ள போலி எண்ணை அழைத்து ஏமாந்தவர்கள் உள்ளனர்.

அதே கதவு, வேறொரு கை

நம் கிளைக்கு ஓர் ஓய்வுபெற்ற அதிகாரி வந்தார். எழுபது வயதைக் கடந்தவர். கணக்கு வழக்குகளில் பைசா சுத்தமானவர். கிளைக்கு வரும்போதெல்லாம் பாஸ்புக்கில் வட்டியைத் தாமே கணக்கிட்டுச் சரிபார்ப்பவர். மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும் என்று அவருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது. அதில் இருந்த எண்ணை அழைத்தார். மறுமுனையில் பேசியவர் மிகுந்த மரியாதையுடன், “சார், உங்கள் திரையைக் கொஞ்சம் பார்த்தால் சரிசெய்துவிடலாம்” என்று சொல்லி, அவர் வீட்டில் ஏற்கெனவே இருந்த மென்பொருளின் பெயரையே குறிப்பிட்டார். இவர் எண்ணைப் படித்தார், ‘சரி’ என்பதை அழுத்தினார், கைகட்டி அமர்ந்தார். அடுத்து, கட்டணத்தைச் சரிபார்க்க என்று சொல்லி அவரை இணைய வங்கிக் கணக்கில் நுழையச் செய்தனர். கைப்பேசிக்கு வந்த ஓடிபியையும் கேட்டுப் பெற்றனர். சேமிப்புக் கணக்கில் இருந்த தொகை போதாதென்று, நிரந்தர வைப்பு ஒன்றும் முதிர்வுக்கு முன்பே உடைக்கப்பட்டு வெளியேறியது.

“என் மகன் எப்படிக் கேட்பானோ அப்படியேதான் கேட்டார், நானும் அப்படியே செய்தேன்” என்றார் அவர். அவருக்குக் கணினி தெரியாததால் நேர்ந்த இழப்பு என்று இதைச் சொல்ல இயலாது. அவருக்கு நன்கு பழக்கப்பட்டிருந்த ஒரு செயலே அவருக்கு எதிராகத் திரும்பியது.

இது புதிய தந்திரமும் அன்று. எனிடெஸ்க் செயலியைப் பதிவிறக்கச் செய்து யூபிஐ வழியே பணம் பறிக்கும் முறை குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. கணினித் திரை முழுவதையும் மறைத்து “உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்” என்று அலறும் போலி அறிவிப்புகள் இன்னொரு வகை. இத்தகைய போலித் தொழில்நுட்ப உதவி மையங்கள் மீது மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் புகாரின்பேரில் 2023 அக்டோபரில் சிபிஐ சோதனைகள் நடத்தியது. அந்த அறிவிப்பு தோன்றினால் எந்த எண்ணையும் அழைக்க வேண்டா. எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்துப் பார்க்கலாம், அதற்கும் மசியாவிட்டால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியையே அணைத்துவிடலாம். கணினியை அப்படி அணைத்தால் கெட்டுவிடும் என்ற அச்சம் முதியோரிடம் ஆழமாக இருக்கிறது. அத்தருணத்தில் அணைப்பதே மேல் என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மேற்சொன்ன வாடிக்கையாளர் விஷயத்தில் நம்மை மிகவும் வருத்தியது வேறொன்று. பணம் போனதை அறிந்த பின்னும் இரண்டு நாள்கள் அவர் மகனிடம் சொல்லவில்லை, நம்மிடமும் வரவில்லை. “எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் அப்பா” என்ற சொல்லை எதிர்கொள்ளத் தயங்கினார். இத்தகைய மோசடிகளில் பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்கு மணிக்கணக்கில் கூட அன்று, நிமிடக்கணக்கில் தாவுகிறது. இரண்டு நாள் தாமதம் என்பது கிட்டத்தட்ட எல்லாம் முடிந்துவிட்ட நிலை. ஆகவே, பிரிண்டர் ஓடாத சிறு விஷயத்துக்குப் பெற்றோரைக் கடிந்துகொள்ளும் பிள்ளை, பெரிய விஷயத்தைத் தம்மிடமிருந்து மறைக்க அவர்களைப் பழக்குகிறார் என்றே நாம் கருதுகிறோம். எந்த மென்பொருள் நல்லது என்று நம்மைக் கேட்பவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறோம். அவர்களுக்கு அது சற்று ஏமாற்றமாகவே இருக்கிறது.

குடும்பத்துக்குள் சில ஏற்பாடுகளை இன்றே செய்துகொள்ளலாம். தொலைநிலை உதவி எப்போதும் பெற்றோர் செய்யும் அழைப்பிலிருந்தே தொடங்க வேண்டும். உள்ளே வந்த அழைப்பிலிருந்து ஒருபோதும் கூடாது. மகனின் குரலே கேட்டாலும், வைத்துவிட்டு, தாம் சேமித்து வைத்துள்ள எண்ணில் மகனைத் திரும்ப அழைக்கட்டும். குரலைப் போலி செய்யும் மென்பொருள்கள் வந்துவிட்ட காலம் இது. வேலை முடிந்ததும் அந்த மென்பொருளை மூடுவதோடு நில்லாமல் நீக்கிவிடுவது நலம். ஆளில்லாத நேரத்திலும் கடவுச்சொல் இட்டு உள்ளே நுழையும் வசதி சிலவற்றில் உண்டு. பெற்றோரின் கணினியில் அதை முடக்கி வையுங்கள். ஓடிபி வரும் கைப்பேசியில் இத்தகைய செயலிகளை நிறுவவே வேண்டா. கைப்பேசியில் ஏதேனும் காட்டித்தர வேண்டுமெனில் வாட்ஸ்அப் காணொளி அழைப்பில் திரையைப் பகிரும் வசதி போதும். அதில் பிள்ளை பார்க்கலாம், தொட இயலாது. ஆயினும் திரையில் தோன்றும் குறுஞ்செய்தியை எதிர்முனையில் இருப்பவர் படிக்க முடியும் என்பதால், இதையும் வேறு எவர் கேட்டாலும் செய்யலாகாது.

“அப்பாவின் கைப்பேசியில் வங்கிச் செயலி திறக்க மறுக்கிறது” என்று பிள்ளைகள் நம்மிடம் முறையிடுவதுண்டு. திரையைப் பகிரும் செயலி ஒன்று பின்னணியில் இயங்குவதை உணர்ந்தால் பல வங்கிச் செயலிகள் தாமாகவே நின்றுவிடும். அல்லது பகிரப்படும் திரை கருமையாகிவிடும். அது கோளாறன்று, காவல். அச்செயலியை நீக்கினால் வங்கிச் செயலி பெரும்பாலும் வழக்கம்போல் இயங்கும்.

பணத்திற்கு வேறு வழி உண்டு

தந்தையின் இணைய வங்கிக் கடவுச்சொல்லைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அவர் பெயரில் நுழைந்து, அவர் பணிகளையெல்லாம் முடித்துத் தருவதைப் பிள்ளைகள் சேவையாகக் கருதுகின்றனர். நோக்கம் நல்லதே. ஆனால் கடவுச்சொல்லையும் பின்னையும் பிறரிடம் பகிர்வது, அவர் மகனேயாயினும், வங்கி விதிகளுக்கு முரணானது. உடன்பிறந்தோருக்கிடையே பின்னாளில் கணக்கு கேட்கும் நிலை வந்தால், எந்தப் பரிமாற்றத்தைத் தந்தை செய்தார், எதை மகன் செய்தார் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. அப்படிப்பட்ட பூசல்கள் கிளை மேலாளரின் அறைவரை வருவதுண்டு. அவை இனிய காட்சிகள் அல்ல.

முறையான வழிகள் எளியவை. கணக்கைக் கூட்டுக் கணக்காக்கி, ‘இருவரில் ஒருவர் அல்லது பிழைத்திருப்பவர்’ என்ற முறையில் இயக்கினால், பிள்ளை தம் சொந்தப் பயனர் பெயரிலேயே நுழையலாம். கணக்கு தம் பெயரில் மட்டுமே இருக்க வேண்டும் எனப் பெற்றோர் விரும்பினால், கணக்கை இயக்க மட்டும் பிள்ளைக்கு உரிமை தரும் அதிகாரக் கடிதம் அளிக்கலாம். உரிமையாளர் அவர்களாகவே நீடிப்பர், வேண்டாதபோது திரும்பப் பெறவும் செய்யலாம். இணைய வழிப் பரிமாற்றத்தின் அன்றாட உச்சவரம்பைக் குறைத்து வைப்பது மூன்றாவது. மாதம் ஒருமுறை மின்கட்டணமும் மருந்துச் செலவும் மட்டுமே செலுத்துபவருக்கு லட்சக்கணக்கில் வரம்பு எதற்கு?

2024 ஆகஸ்டில் அறிமுகமான யூபிஐ சர்க்கிள் இங்குக் குறிப்பிடத்தக்கது. ஒருவர் தம் கணக்கிலிருந்து பணம் செலுத்த நம்பிக்கைக்குரிய மற்றொருவரை இரண்டாம் பயனராகச் சேர்க்கும் வசதி அது. தந்தையின் கணக்கில் மகள் இரண்டாம் பயனராகச் சேர்ந்து, பகுதி உரிமை பெற்றால், பெங்களூரில் இருக்கும் மகள் கட்டணத்தைத் தொடங்கி வைப்பார். செம்பூரில் இருக்கும் தந்தை தம் பின்னை இட்டால்தான் பணம் செல்லும். மாறாக, மகளின் கணக்கில் தந்தையை முழு உரிமையுடன் சேர்த்தால், மாதம் 15,000 ரூபாய், ஒரு பரிமாற்றத்துக்கு 5,000 ரூபாய் என்ற உச்ச வரம்புக்குள் அவரே செலவு செய்துகொள்ளலாம். ஏதேனும் தவறு நேர்ந்தாலும் அவருடைய வாழ்நாள் சேமிப்பு தொடப்படாது. முதல் முறையில், மகளின் பெயர் திரையில் தெரிகிறதா என்றும், தொகை சரிதானா என்றும் பார்த்த பிறகே பின்னை இட வேண்டும் என்பதைச் சில முறை ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மோசடி நேர்ந்துவிட்டால், முதலில் வைஃபை ரூட்டரின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். அத்துடன் தொலைநிலைத் தொடர்பு அறுந்துவிடும். ஊடுருவப்பட்டது கைப்பேசி எனில் அதை அணைத்துவிட வேண்டும். வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியையும், இணைய நிதி மோசடிகளுக்கான தேசிய உதவி எண்ணான 1930-ஐயும் அழைக்க வேண்டும். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6-ஆம் நாள் சுற்றறிக்கை இங்கு முக்கியமானது. வாடிக்கையாளர் மீதோ வங்கி மீதோ பிழையின்றி, மூன்றாம் தரப்பினரால் நேர்ந்த இழப்பை, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்கிறது அது. வாடிக்கையாளரே ரகசிய விவரங்களைப் பகிர்ந்ததால் இழப்பு நேர்ந்திருந்தால், தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது. தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியினுடையது. எனவே, “நானே சொல்லிவிட்டேனே, இனி எதைச் சொல்லி என்ன பயன்” என்று எண்ணி அமர்ந்துவிடலாகாது. புகார் செய்யும் அந்த நிமிடத்துக்குச் சட்டப்படியான மதிப்பு இருக்கிறது.

தொலைவிலிருந்து செய்ய இயலாத பணிகளும் உண்டு. ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் அளிக்கும் உயிர்வாழ் சான்று அவற்றுள் ஒன்று. 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் முதலே அளிக்கலாம். ஜீவன் பிரமான் செயலியில் முகத்தைக் காட்டியே சான்று பெறும் வசதி 2021 முதல் இருக்கிறது. ஆனால் கேமராவின் முன் அவர்களே அமர வேண்டும், கண் சிமிட்ட வேண்டும். பெற்றோரிடம் அதற்கேற்ற கைப்பேசி இல்லையெனில் பக்கத்து வீட்டு இளைஞரின் கைப்பேசியும் போதும். 70 வயதைக் கடந்த வாடிக்கையாளர்களுக்கு உயிர்வாழ் சான்று, கேஒய்சி ஆவணங்கள் ஆகியவற்றை வீட்டிலேயே பெற்றுக்கொள்ளும் சேவையை வங்கிகள் அளிக்குமாறு ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் அறிவுறுத்தியுள்ளது. அதிகாரக் கடிதத்துக்கான படிவத்தைக் கிளையில் கேட்டுப் பெறலாம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது பிள்ளைகள் தம் அடையாளச் சான்றுகளையும் புகைப்படத்தையும் எடுத்துக்கொண்டு, பெற்றோருடன் ஒருமுறை கிளைக்கு வந்தால் மாதிரிக் கையொப்பத்தையும் அன்றே பதிந்துவிடலாம்.